நகருக்கு முந்திய பள்ளி

அன்புள்ள ஐயா,

பெசன்ட் நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். எங்கள் பகுதிப் பள்ளிகளின் வரலாற்றைச் சிறு மலராகக் கொண்டுவரப் போகிறோம். 1970-களில் குடியிருப்பு வந்தது, பின்னாலேயே பள்ளிகளும் வந்தன என்று தொடங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். வாரியம் மனை அளப்பதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே அங்கே பள்ளி இருந்தது. ஊர்ப் பள்ளித் திண்ணையில்கூட ஏறமுடியாத சேரிப் பிள்ளைகளுக்காக, பிரம்மஞான சபையை (தியாசபிகல் சொசைட்டி) நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட் 1894-ல் தொடங்கிய இலவசப் பள்ளி அது. இன்று ஆல்காட் நினைவுப் பள்ளி. பக்கத்து மீனவர் குப்பத்துக்கும் அவர் பெயர்தான்: ஊரூர் ஆல்காட் குப்பம்.

பிரம்மஞான சபை அடையாற்றுக்கு வந்தது 1882-ல். இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்காக ஊர் ஊராக அலைந்த அனுபவம் ஆல்காட்டுக்கு இருந்தது. அடையாற்றுப் பள்ளிக்குப் பிறகு தேனாம்பேட்டையில் தாமோதர் பள்ளி, மயிலாப்பூரில் திருவள்ளுவர் பள்ளி என்று மேலும் சில எழுந்தன. மயிலாப்பூரில் சேரிப் பிள்ளைகளின் பள்ளிக்கு வள்ளுவர் பெயர்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆல்காட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோக அவர் திட்டமிடவில்லை. எழுத்து, கணக்கு, பிழைப்புக்கு உதவும் கொஞ்சம் பயிற்சி, அவ்வளவே அவர் எண்ணியது. ஆனால் அந்த மக்களின் தலைவர்கள் அதற்கும் மேலே கேட்டார்கள். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதரும், பஞ்சமர் (தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கு அன்றைய பெயர்) பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியும் ஆல்காட்டைச் சந்தித்து, நாங்கள் ஆதியில் பௌத்தர்களாக இருந்தவர்கள், எங்கள் சமயத்துக்குத் திரும்ப வழிசெய்யுங்கள் என்றார்கள். அவருடன் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று, அதாவது ஐந்து ஒழுக்க உறுதிகளை எடுத்து, பௌத்தம் தழுவினார்கள். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் இந்த வரலாற்றின் நடுவில் நிற்கிறார். உங்கள் மலரில் அவருக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள்.

குழந்தைகளுக்கான மாண்டிசோரி கல்விமுறையை உருவாக்கிய இத்தாலியர் மாண்டிசோரி அம்மையார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து, ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரிநாட்டவர் ஆனார். மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். இதைப் பலரும் எழுதிவிட்டார்கள், நீங்கள் சுருக்கமாகவே சொல்லலாம்.

ஆல்காட் பள்ளியில் இன்றும் கட்டணம் இல்லை. வேறு பள்ளிகள் லட்சங்களில் கட்டணம் வாங்கும் காலத்தில், குப்பத்துப் பிள்ளைகள் காலையில் அந்த வாசலுக்குத்தான் நடந்து போகிறார்கள். அங்கே படித்த பாட்டிமார், தாத்தாமார் குப்பத்தில் இருப்பார்கள். மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த வாத்தியார் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு, பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். அச்சானதும் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

அன்புடன்.