வீட்டு ஓவனில் மாட்டு நெஞ்சுக்கறி: கேட்டதும் சொன்னதும்

கோவையில் சின்ன அளவில் கேட்டரிங் நடத்துகிறேன். பண்டிகை ஆர்டர்களுக்கு நெஞ்சுக்கறியை முழுத் துண்டாக ஓவனில் வேகவைத்துக் கொடுப்பது வழக்கம். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: ஏனுங்கக்கா, அமெரிக்க வீடியோவைப் பார்த்து 120 டிகிரியில 4 மணி நேரம் வெச்சேன். கறி ரப்பராட்ட வந்துருச்சு. அதிகமா வெந்துருச்சுங்களா?

இல்லைங்க, வேகவே இல்லை. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்தக் கறி கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் இன்னும் நேரம் கேட்கிறது என்றுதான் பொருள்.

தோளை நெஞ்செலும்போடு இணைக்கும் காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவிலுள்ள நெஞ்சுத் தசைதான் முன்பாதி உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் அதில் கொலாஜன் என்ற நார்த்திசு நிறைய. கறியின் உள்சூடு 70 டிகிரியைத் தாண்டும்போது அது மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும். 90-ஐ நெருங்கினால் வேகம் பிடிக்கும். வீடியோவில் இருப்பது தானியம் தின்று கொழுத்த இளம் மாடு, கறிக்குள்ளேயே கொழுப்பு இழையோடியிருக்கும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. வயது ஏற ஏற கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகிப் பின்னிக்கொள்ளும், சூட்டுக்குச் சுலபத்தில் இளகாது. கொழுப்பும் குறைவு. ஆகவே அவர்கள் சொல்லும் மணிக்கணக்கு நமக்கு ஆகாது. அதே துண்டைக் கொஞ்சம் சாறு விட்டு, இறுக்க மூடித் திரும்ப உள்ளே வையுங்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் வேறு கறியாக வரும்.

கோவை, கோட்டைமேட்டிலிருந்து: கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

எலும்பில்லாமல், வெட்டாமல், ஒரே துண்டாக 2 கிலோ வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். காலையில் போய் நின்றால் எல்லாம் குழம்புத் துண்டாகியிருக்கும். மேல் கொழுப்பை முழுக்கச் சீவ விடாதீர்கள், அரை விரல் கனம் இருக்கட்டும். கறி கருஞ்சிவப்பாக, கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் எருமை. கொழுப்பில் மஞ்சள் ஓடினால் மாடு. இரண்டும் நன்றாகவே வரும். எருமைக்கு ஈரம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

திருப்பூரிலிருந்து: உங்க முறையை முழுசாச் சொல்லுங்கக்கா. என்கிட்ட 28 லிட்டர் ஓடிஜி, அந்தச் சின்ன கரண்ட் ஓவன்தான் இருக்கு.

தாராளமாகப் போதும். முந்தின இரவே கிலோவுக்கு 12 கிராம் கணக்கில் தூள் உப்பு, அதாவது தலைதட்டி 2 டீஸ்பூன், எல்லாப் பக்கமும் தேய்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்க அந்த இரவு வேண்டும். மறுநாள் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் மல்லியும், கொஞ்சம் ஈரோட்டு மஞ்சளும் தடவி, இரும்புத் தோசைக்கல்லில் நல்ல சூட்டில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டுங்கள். வாசனையில் பாதி இங்கேதான் பிறக்கிறது, அவசரப்படக் கூடாது.

தட்டில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு பூண்டு, நாலைந்து வரமிளகாய், ஒரு டம்ளர் எலும்பு சூப் அல்லது வெந்நீர். அதன்மேல் கொழுப்புப் பக்கம் மேலாகக் கறி. பேக்கிங் பேப்பரால் மூடி, அதற்கு மேல் ஃபாயில் இரண்டு அடுக்கு, விளிம்பில் ஆவி கசியாதபடி இறுக்குங்கள். தக்காளி போட்டால் அந்தப் பேப்பர் கட்டாயம், புளிப்பு பட்டால் ஃபாயில் அரித்துப்போகும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 135 டிகிரி. மூன்று மணி நேரம் திறக்கவே வேண்டாம். அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். எந்த இடத்திலும் முட்டாமல் உள்ளே போய் வர வேண்டும். ஒருநாள் நான்கரை மணி நேரம் ஆகும், இன்னொரு நாள் ஏழு மணி நேரமும் ஆகும். விருந்தாளி வரும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே முடியும்படி ஆரம்பித்துவிட்டால் பதற்றமில்லை. மூடியபடி சூடாகக் காத்திருப்பது இந்தக் கறிக்கு நல்லதுதான்.

இந்த மூடி வேகவைக்கும் முறை அமெரிக்காவில் யூதர் வீடுகளில் பண்டிகைக்குச் செய்வதற்கு நெருக்கமானது. டெக்சாஸ்காரர்கள் போல திறந்து வைத்துப் புகையில் வேகவைக்க நம் கறியில் கொழுப்பு பத்தாது.

கரூரிலிருந்து: தெர்மாமீட்டர் 68-லேயே ஒரு மணி நேரமா நிக்குதுங்க.

மூடாமல் வைத்திருப்பீர்கள். மேலே ஈரம் ஆவியாகும்போது கறி குளிர்ந்துகொண்டே இருக்கும், ஓவன் கொடுக்கும் சூடு அதற்கே சரியாகப் போய்விடும். ஃபாயிலால் மூடினால் நகரும். 94, 95 வந்ததும் குத்திப் பாருங்கள். கடைசித் தீர்ப்பு கம்பிதான், எண் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து: குக்கரில் 10 விசில் விட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு பாடு?

குழம்புக்கு, வறுவலுக்கு நானும் குக்கர்தான். உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி இருப்பதால் நார் சீக்கிரம் கரையும். ஆனால் சாறு பிழிந்துபோய்க் கறி இழை இழையாகப் பிரிந்துவிடும். துண்டு போட்டுத் தட்டில் அடுக்கும்படி வேண்டுமென்றால் ஓவனுக்கு வாங்க.

நாமக்கல்லிலிருந்து: பப்பாளிக்காய் அரைத்துத் தடவலாமா?

வேண்டாம். மேல்தோல் கூழாகும், உள்ளே எட்டாது.

சேலத்திலிருந்து: நடுவில் கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று முதலில் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். சும்மா அரை மணி போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் கறியைச் சாறோடு கனமான பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, கேஸில் சிம்மில் தொடருங்கள். அரைகுறைச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்க விடக் கூடாது, கெட்டுப்போகும்.

கோபியிலிருந்து: வெட்டும்போது உதிர்ந்துபோகுதுங்கக்கா.

சுடச்சுட வெட்டாதீர்கள், 40 நிமிடமாவது ஆறட்டும். பச்சையாக இருக்கும்போதே நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வைத்து, அதற்குக் குறுக்காகப் பென்சில் கனத்துக்கு வெட்டுங்கள். நடுவில் இரண்டு தசைகள் சேரும் இடத்தில் நார் திசை மாறும், அங்கே கத்தியையும் திருப்ப வேண்டும். நான் ஆர்டருக்குச் செய்வது இப்படி: கறி ஆறியதும் சாறோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, குளிர்ந்த கறியை வெட்டினால் ஒரு துண்டு உடையாது. சாற்றிலேயே அடுக்கி, மூடிச் சூடாக்கினால் போதும். ருசியும் முதல் நாளைவிடக் கூடுதல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: இதற்கு என்ன தொட்டுக்கொள்ள? மிஞ்சினால் என்ன செய்வது?

அந்தச் சாறும் வெங்காயமும் சந்தகைக்கு அவ்வளவு பொருத்தம். மிஞ்சிய துண்டுகளை மூன்று நாளுக்குள் பள்ளிபாளையம் பாணியில் கிள்ளிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, சின்ன வெங்காயம் போட்டுப் பிரட்டிவிடுங்கள். உப்பு மட்டும் தனியாகப் போட வேண்டாம், கறியிலேயே இருக்கிறது.