எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆய்வு நடத்தினால் பதில் வருமா? வந்தால் நம்பலாமா?

கேள்வி கேட்டவர் பொது சுகாதாரம் படிக்கும் மாணவி. எச்.ஐ.வி.யோடு வாழும் பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுத் தரவு சேர்க்கப் போகிறாராம். பதில் வருமா, நம்பலாமா, இதற்கு வாட்ஸ்அப்பே போதாதா என்று கேட்டிருக்கிறார். தென்மாவட்டம் ஒன்றில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். அந்த அனுபவத்தையும் அப்போது படித்த ஆய்வுகளையும் வைத்துச் சொல்கிறேன்.

பதில் வரும். ஆனால் நன்றாக இருப்பவர்களிடமிருந்துதான் அதிகம் வரும். மாத்திரையை விட்டவர், ஊர் மாறியவர், போனை அடகு வைத்தவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர் எல்லாரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது அவர்களைப் பற்றித்தான். அதனால் என்ன கேள்வி அனுப்புவது என்று யோசிக்கும் முன்னால், பதில் வராவிட்டால் யார் என்ன செய்வார்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். புள்ளியியல் வகுப்பில் விடுபட்ட தரவை நிரப்பச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே அதைச் செய்தால், தொலைந்துபோனவர்களையும் நன்றாக இருப்பவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

கென்யாவின் வெல்டெல் ஆய்வைப் படித்திருக்காவிட்டால் முதலில் அதைப் படியுங்கள். 2007-இல் தொடங்கியது. மூன்று மருத்துவ மையங்கள், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 538 பேர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை மையத்து நர்ஸிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகும். அதில் ‘மம்போ?’ என்ற ஒரே ஒரு சொல்தான் இருக்கும். ஸ்வாஹிலி பேசுகிறவர்கள் நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற குசல விசாரிப்பு அது. நலம் என்றோ பிரச்சினை என்றோ 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், நர்ஸ் போன் செய்து பேசுவார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் எஸ்.எம்.எஸ். போன குழுவில் 62 சதவீதம், போகாத குழுவில் 50 சதவீதம். சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளாமல் ரத்தத்தையும் சோதித்தார்கள். வைரஸ் கட்டுக்குள் இருந்தவர்கள் 57 சதவீதம், மற்ற குழுவில் 48. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

இதைப் பேசுகிற எல்லாரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த நர்ஸின் போன் அழைப்புதான் பெரிதாகத் தெரிகிறது. செய்தியில் நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை, மருத்துவமனை பெயரும் இல்லை. கணவனோ மாமியாரோ எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பதில் போடாதவரைத் தேடிக் கூப்பிட ஒரு ஆளும் இருக்கிறார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வங்கியிலிருந்து வருகிற விளம்பரச் செய்தி போன்ற ஒன்றுதான்.

அதே குழு பின்னால் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 700 பேரிடம், முதல் வருடம் முழுக்க சிகிச்சையில் நிலைத்திருக்கிறார்களா என்று பார்த்தது. 2018-இல் முடிவு வந்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே ‘கென்யாவில் ஜெயித்தது’ என்று உங்கள் முன்மொழிவில் ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள், கமிட்டியில் யாராவது கேட்பார்கள்.

நம் பக்கமும் ஒன்று நடந்திருக்கிறது. தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்களில் 631 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு, 2014-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளிவந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களையும் மனதில் வைத்து, வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் போல, சரியாகச் சொன்னால் 96 வாரம். வைரஸ் கட்டுக்குள் வராமல் போனவர்கள் கணக்கில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதற்குப் பல காரணம் சொல்லலாம். பதிவு செய்த குரலிடம் யாரும் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கட்சி.

சரி, எத்தனை தடவை அனுப்புவது? மேற்குக் கென்யாவின் சுலைம்போ என்ற கிராமப்புற மையத்தில் 431 பேரிடம் இதையே சோதித்தார்கள். வாரம் ஒருமுறை செய்தி போனவர்களில் 53 சதவீதம் பேர் மருந்தில் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருந்தார்கள். செய்தியே போகாதவர்களில் அது 40 சதவீதம். தினமும் அனுப்பியதில் பலன் தெரியவில்லை. தினமும் ஒரே செய்தி வந்தால் இரண்டாவது வாரம் யார் திறந்து பார்ப்பார்கள்?

இப்போது நம் ஊர் நிலவரம். தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21 சுற்று, இந்திய அளவில் சொல்வது: 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருப்பவர்கள் 54 சதவீதம். அந்த 54-இல் எஸ்.எம்.எஸ். வாசிக்கத் தெரிந்தவர்கள் 71 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 38 பேர். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல்தான். ஆனால் நீங்கள் சேர்க்கப் போகிறவர்கள் சராசரிப் பெண்கள் இல்லையே.

தமிழில் அனுப்பலாம் என்றால் இன்னொரு சிக்கல். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். ‘மாத்திரை சாப்பிட்டீங்களா?’ என்பதில் நம் கண்ணுக்குப் பன்னிரண்டு எழுத்து. இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து போன் அதை 25 என்று எண்ணும். (இந்த வாசகத்தை அனுப்பவே கூடாது என்பது வேறு விஷயம்.) பழைய பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் பலர் தங்கிலீஷில் அனுப்புகிறார்கள், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. நாங்கள் கடைசியில் எண்களுக்கு வந்தோம். நலம் என்றால் 1, பேச வேண்டும் என்றால் 2. அதிலும் ரீசார்ஜ் முடிந்திருந்தால் பதில் போகாது. பதில் போடாதவர்களைக் கூப்பிட்டபோது நாங்கள் அதிகம் கேட்ட வரி, “அக்கா, பேலன்ஸ் இல்ல. நான் மிஸ்டு கால் குடுத்தா எடுத்துக்குவீங்களா?” என்பதுதான். எடுத்துக்கொள்ளலாம், தாராளமாக. மிஸ்டு காலும் பதில்தான் என்று முதலிலேயே விதி எழுதிவிடுங்கள்.

ஆய்வுக்குழு ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். “உனக்கு யாரு ரீசார்ஜ் பண்ணி விட்டது?” என்று வீட்டில் கேட்பார்கள். எங்களிடம் ஒரு பெண் அந்தப் பணத்தை ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் நாளில் பஸ் காசாகக் கையில் கொடுத்துவிடச் சொன்னார்.

ரகசியத்தைக் காக்க, ஏ.டி.எம்.மில் போடுவது போல ஒரு பின் நம்பர் (PIN) வைக்கலாம் என்று ஒவ்வொரு ஆய்விலும் யாராவது சொல்வார்கள். உகாண்டாவின் முபராராவில், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போன் வழியாக வாராவாரம் தரவு சேகரித்துப் பார்த்தார்கள். பின் நம்பர் என்றால் என்ன, எங்கே அழுத்துவது என்பதே பலருக்கும் பெரிய தடையாக இருந்தது, முழுமையாக வந்த பதில்கள் குறைவு. 2010-இல் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். தோல்வியை இப்படி விவரமாக எழுதுகிற கட்டுரைகள் எனக்கு வெற்றிக் கட்டுரைகளைவிட அதிகம் உதவியிருக்கின்றன.

எங்கள் பங்கேற்பாளர்கள் ரகசியத்தை எங்களைவிட நன்றாகக் காப்பாற்றினார்கள். ஒருவர் ஆய்வு எண்ணை ‘கேஸ் புக்கிங்’ என்று சேமித்திருந்தார். இன்னொருவர், மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும், பதினோரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் அனுப்பச் சொன்னார். ஒரு திருநங்கை, “ராத்திரி எட்டு மணிக்கு மேல அனுப்பாதீங்கக்கா, அப்ப போன் என் கையிலயே இருக்காது” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த நேரம், எந்தப் பெயர், எந்த வாசகம், போனை வேறு யார் எடுப்பார்கள் என்ற நான்கையும் ஒப்புதல் படிவத்தில் ஆளுக்கு ஆள் தனியாக எழுதி வாங்க வேண்டும். சாஃப்ட்வேர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் அனுப்பும் என்று கணினிக்காரர் சொன்னால், வேறு சாஃப்ட்வேர் பாருங்கள்.

மொத்தமாக அனுப்பும் செய்திக்கு நம் நாட்டில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரில் எய்ட்ஸ், பாசிட்டிவ், நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தின் பெயர்) எதுவும் லேசாகக்கூடத் தொனிக்கக் கூடாது. அப்புறம் சிம் விஷயம். 90 நாள் பயன்படுத்தாத இணைப்பைத் துண்டித்து, பின்னால் அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அனுப்புகிற செய்தி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். ஆகவே செய்தியில் பெயர் வேண்டாம். நீண்ட நாள் சத்தமில்லாத எண்ணுக்கு, அனுப்பும் முன் ஆளை நேரில் பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி. சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. ‘தவறுதலாகப் போய்விட்டது’ என்று சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆறுதல்?

நம்பலாமா என்பதற்கு வருகிறேன். “மாத்திரை சாப்பிட்டீர்களா” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்றுதான் வரும். எஸ்.எம்.எஸ்.ஸில் மட்டுமில்லை, மையத்து ஆலோசகர் நேரில் கேட்டாலும் அதுதான். மருந்தை விட்டுவிட்டோம் என்றால் திட்டுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு, அனுபவத்தில் வந்த பயம் அது. மாத்திரை வாங்க வந்த தேதியும் வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு) முடிவும்தான் உங்கள் அளவுகோல். எஸ்.எம்.எஸ். அதற்கு மாற்று இல்லை. இந்த வாரம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற பட்டியல் என்று வைத்துக்கொண்டால் நன்றாகவே பயன்படும். தொடர்ந்து 1 போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அது கவனிக்க வேண்டிய சேதி. எங்கள் களத்தில் அப்படிப் பேசாமல் போனவர்களைத் தேடிப் போனால், பாதிக்கு மேல் ஏதோ ஒன்று நடந்திருக்கும்: வேலைக்காகத் திருப்பூர் போனது, போலீஸ் பிடித்துப் போனது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதது.

அதனால் பட்ஜெட் போடும்போது செய்திக்கான செலவைக் கடைசியில் எழுதுங்கள். பதில் வராதவர்களை இரண்டு நாளுக்குள் கூப்பிட, கூப்பிட்டும் கிடைக்காதவர்களைத் தேடிப் போக, முழுநேரமாக ஒருவருக்குச் சம்பளம் முதல் வரியில் வரட்டும். அவர் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவராக, பங்கேற்பாளர்களுக்கு முகம் தெரிந்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த ஆளுக்குப் பணம் இல்லை என்றால், எஸ்.எம்.எஸ். ஆய்வை விட்டுவிட்டு மையத்திலேயே மாதம் ஒருமுறை நேரில் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் பற்றி. இலவசம் என்பதும், வாசிக்கத் தெரியாதவருக்கு வாய்ஸ் நோட் அனுப்பலாம் என்பதும் பெரிய வசதிகள். குரூப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பட்டன் போன்காரர்களில் பெரும்பாலோர் விடுபட்டுப் போவார்கள், அவர்களுக்காக எஸ்.எம்.எஸ்.ஸையும் மிஸ்டு காலையும் கூடவே வைத்திருக்க வேண்டும். முகப்புப் படத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பனைப் போட்டுவிடாதீர்கள், பூப்படமே போதும். வாய்ஸ் நோட் பெரும்பாலும் ஸ்பீக்கரில்தான் ஓடும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. “வணக்கம்க்கா, நல்லா இருக்கீங்களா, முடிஞ்சா கூப்பிடுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டு, கேட்க வேண்டியதை அவர் கூப்பிடும்போது கேளுங்கள்.