சம்பளம் கூடினால் வேலை போய்விடுமா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று சங்கத்தார் கேட்கிறார்கள். "உயர்த்தினால் நாலு பேரை நிறுத்த வேண்டியதுதான்" என்கிறார் முதலாளி. உயர்த்தினால் எங்களுக்கு நன்மையா, கெடுதலா ஐயா? – வாசகி, திருமங்கலம்

பதில்: நன்மைதான் சகோதரி, உயர்ந்த கூலி உங்கள் கைக்கு வந்து சேருமானால்.

உங்கள் கடையையே கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 ரூபாய் கூலி கூடுகிறது, அன்று நீங்கள் 10 புடவை விற்கிறீர்கள் என்றால் புடவைக்கு 5 ரூபாய் ஆகிறது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர் அந்த ஐந்து ரூபாய்க்காக எழுந்து போகமாட்டார். விரித்துக் காட்ட ஆளில்லாமல் அரைமணி நேரம் உட்காரவைத்தால் போய்விடுவார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992-இல் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளியல் அறிஞர்கள் அங்குள்ள துரித உணவகங்களைப் பக்கத்து மாநில உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். கூலி உயர்வால் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஒரேயடியாக ஏற்றினால் ஓர் ஆளை வைத்துப் பிழைக்கும் தையல்கடை தாங்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு மாடி ஜவுளிக்கடைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

என் கவலை வேறு. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் அகவிலைப்படி மாறுகிறது. போன ஏப்ரலில் உங்கள் சம்பளம் கூடியதா? இல்லையென்றால், இருக்கும் சட்டப்படி வர வேண்டியதே உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். புது உயர்வு வந்தாலும் அதே வழியில்தான் போகும்.

சில வருடங்களுக்கு முன் உங்களைப் போல ஒரு பெண் என்னிடம் வந்தார். பதிவேட்டில் முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையில் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாட்சி ஏதாவது உண்டா என்றேன். பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் கடைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், சம்பள நாளன்று எண்ணி வாங்கிய தொகை. தீபாவளி மாதத் தாள்களில் இரவு பதினொன்று, பதினொன்றரை என்று இருந்தது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. அந்தக் கட்டுதான் அவர் வழக்கைத் தாங்கியது. நீங்களும் இன்றே எழுதத் தொடங்குங்கள்.

"சம்மதித்துத்தானே சேர்ந்தாய்" என்பார்கள். அந்தச் சம்மதம் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதையும் கூலி விஷயமாகவே பார்க்கிறேன். செலவில்லாமல் நாலு கடை ஏறி வேறு வேலை விசாரிக்க முடிகிற பெண்ணை மிரட்டுவது அவ்வளவு எளிதல்ல.

வீட்டில் உட்கார்ந்து சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு முடிச்சுக் கணக்கில் கூலி. நாள்கூலியை மட்டும் உயர்த்தி உருப்படிக் கூலியை விட்டுவிட்டால் அந்த வீடுகளுக்குள் ஒன்றும் நுழையாது. சங்கத்தார் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல், கூலி பற்றிய பழைய சட்டங்களை ஒன்றாக்கிய ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறைத்துக் கொடுத்த கூலியை மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். அந்தத் தொகையோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் வழங்க விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். எத்தனை பேர் சேர்ந்தும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். போகும்போது காலண்டர் தாள்களை மறக்க வேண்டாம்.