மலை ரோட்டில் மடக்கு சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, என் 20 அங்குல மடக்கு சைக்கிள், மேட்டில் எழும்பி நின்று மிதித்தால் ரப்பர் மாதிரி ஆடுது. பிரேம் சரியில்லையா? மிதிக்கிற பலமெல்லாம் வீணாகுதா?

தம்பி, ஆடுவது பெரும்பாலும் பிரேம் இல்லை, ஹேண்டில் தண்டு. சின்னச் சக்கர வண்டியில் ஹேண்டில் உங்கள் கைக்கு எட்ட நீளமான தண்டு தேவை. அதன் அடியில் ஒரு பிணைச்சல். எழும்பி நின்று வலது பெடலை அமுக்கும்போது வலது கை ஹேண்டிலை மேலே இழுக்கும். அந்த இழுப்பு முழுக்க அந்தப் பிணைச்சலில்தான் போய் விழும்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்றக் கையின் விரலைப் பிணைச்சல் இடுக்கில் வைத்துப் பாருங்கள். 'டக்' என்று விரலில் தட்டினால் பிணைச்சலை இறுக்கும் லீவர் தளர்ந்திருக்கிறது, அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். தட்டாமல் தண்டு மட்டும் வளைந்தால் பயமில்லை. வளைந்த உலோகம் வில்லு மாதிரி, நிமிரும்போது வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். களைப்பது உங்கள் தோளும் முதுகும், ஆட்டத்தை அடக்கிப் பிடித்துப் பிடித்தே. ஆகவே மேட்டில் சீட்டைவிட்டு எழும்பாதீர்கள்.

அதே தம்பி: உட்கார்ந்து மிதிக்கக் கால் வரலையே!

அது கியர் செய்கிற குற்றம். முன் பற்சக்கரத்தில் 52 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதில் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.8 மீற்றர் போகும். மலைக்கு அது பாரம். முன்னால் 44, பின்னால் 32 போட்டால் 2.1 மீற்றர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு ஏழு கிலோமீற்றர் சொச்சம் போகலாம். கண்டியைவிட நுவரெலியா ஏறத்தாழ 1,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வழியில் இறம்பொடைப் பக்கம் வரும்போது பிரேமை யார் நினைப்பார்கள்? இன்னொரு கியர் இருக்காதா என்றுதான் விரல் தேடும். பின்னால் 32 போட முன், சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் உங்கள் டிரெயிலியர் அதைத் தாங்குமா என்று கராஜில் கேளுங்கள்.

பண்டாரவளை அக்கா: அலுமினியமா, உருக்கா?

ஒரே குழாய் அளவென்றால் அலுமினியத்தின் விறைப்பு உருக்கில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சுவர்த் தடிப்பை அப்படியே வைத்து விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அலுமினிய வண்டிகளின் நடுக்குழாய் பருத்திருப்பது அதனால்தான். உலோகத்தைவிட வடிவம் முக்கியம், அக்கா. சாதாரண சைக்கிள் பிரேமில் விறைப்புத் தரும் முக்கோணம் இருக்கிறது. மடக்கு வண்டியில் அனேகமாக ஒற்றைக் குழாய், அதையும் நடுவில் வெட்டிப் பிணைச்சல் போட்டிருக்கிறார்கள். டாஹோன் கம்பெனி சில மாடல்களில் முன்பக்கத்திலிருந்து பெடல் அச்சுவரை கீழே ஒரு கம்பியை இறுக்கிக் கட்டி, இழந்த முக்கோணத்தைத் திருப்பி எடுக்கிறது. பேர்டி என்ற மடக்கு வண்டியின் நடுக்குழாயில் பிணைச்சலே கிடையாது. லண்டனில் செய்கிற பிராம்டன் மடக்கு வண்டி பெரும்பாலும் உருக்குத்தான், அதுவும் நன்றாக ஏறும்.

அப்புத்தளை: இறக்கத்தில் ஹேண்டில் நடுங்குது.

முதலில் லீவரைப் பாருங்கள். ஒருமுறை இறம்பொடை வளைவுகளை எல்லாம் இறங்கிவிட்டு, தேத்தண்ணிக் கடையில் வண்டியை மடிக்கப் போனேன். நடுப் பிணைச்சலின் பாதுகாப்புக் கொக்கி மாட்டப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவசரத்தில் விட்டது நான்தான். தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை.

லீவர் சரியென்றால், நடுங்கும்போது முழங்காலைக் குழாயில் ஒட்டி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கவும் வேண்டாம். சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும்.

கம்பளை: மடிப்பில் 'கிறீச்' சத்தம்.

மண். துடைத்து, பிணைச்சலைக் கோத்திருக்கும் ஊசியின் மேல் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

தலவாக்கலை: அலுமினிய பிரேமில் பிணைச்சல் பக்கத்து வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு கோடு. டவுனில் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம். சூடு பட்ட இடத்தில் அந்த அலுமினியம் இளகிப் பலமிழந்துவிடும். தொழிற்சாலையில் வெல்டிங்குக்குப் பிறகு திரும்பப் பதப்படுத்துவார்கள், டவுனில் அது நடக்காது. துணியால் துடைத்து நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அது பெயிண்ட் கோடு இல்லை, வெடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வீட்டுக்கும் உருட்டிக்கொண்டே போங்கள்.