இளநீரை ஏன் நிறுத்தச் சொன்னார்கள்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் மாமனார், மாமியாரோடு ஒன்றாக இருக்கிறோம். கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டை வாங்கி, தினமும் காலையில் பால், தேன், ஐஸ் போட்டு ஜூஸ் அடித்து எல்லோருக்கும் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறது, எனக்கு மட்டும் வயிறு மந்தமாக இருக்கிறது. மாமாவுக்குச் சிறுநீரகத்தில் உப்பு கூடியிருக்கிறது என்று பாளையங்கோட்டையில் டாக்டர் இளநீரை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அவரே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதனால் இளநீருக்குப் பதிலாக அவருக்கும் ஒரு பெரிய தம்ளர் கொடுக்கிறேன். இந்த ஜூஸை ஆயுர்வேத முறைப்படி எப்படிப் போடுவது?

பதில்: ஆயுர்வேதம் காத்திருக்கட்டும். முதல் வேலையாக உங்கள் மாமாவுக்குக் கொடுக்கும் தம்ளரை நிறுத்துங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இளநீர் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் அதிலுள்ள பொட்டாசியத்துக்காகத்தான். நல்ல சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும்; தளர்ந்த சிறுநீரகத்தால் அது முடியாமல் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும், அதுவும் பல நேரங்களில் எந்த அறிகுறியும் காட்டாமல். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது என்றால், 100 கிராம் பட்டர் ஃப்ரூட்டில் சுமார் 485 மில்லிகிராம் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் பால் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. டாக்டர் முன்வாசலில் நிறுத்தியதை நீங்கள் கொல்லைவாசல் வழியாக இரண்டு பங்காக்கி உள்ளே அழைத்து வந்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ஜூஸ் இல்லை. "அவரே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு வயதானவர், கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, டோக்கன் வாங்கி உட்கார்ந்து, டாக்டர் அவசரமாகச் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கி, ஏன் என்று கேட்கக் கூச்சப்பட்டு, மடித்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். அந்தச் சீட்டை வீட்டில் யாராவது பிரித்துப் படித்தீர்களா? உங்கள் கணவர் அன்று எங்கே இருந்தார் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பெற்றவரை டாக்டரிடம் கூட்டிப்போவது மகன் செய்யும் உதவி என்று நான் நினைக்கவில்லை. அது அவன் கடன். மகனுக்கு முடியாத நாளில் மருமகள் போகவேண்டும். அக்கறை இல்லாதவர் என்று உங்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தினமும் காலையில் எழுந்து அவருக்கும் சேர்த்துத்தான் மிக்ஸி ஓட்டுகிறீர்கள். அந்த அக்கறையில் கால் பங்காவது அவரோடு பஸ் ஏறியிருந்தால் இந்தத் தம்ளர் அவர் கைக்கே போயிருக்காது.

நீங்கள் கேட்ட ஆயுர்வேதமும் ஆளைப் பார்த்துக் கொடு என்றுதான் சொல்கிறது. பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப் பழம் மெக்சிகோப் பக்கத்துப் பழம். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் அதைப் பார்த்ததே இல்லை. ஆகவே அதற்கென்று சாத்திரத்தில் எழுதிவைத்த செய்முறை எதுவும் கிடையாது. குணத்தைப் பார்த்துத்தான் முறை வகுக்கவேண்டும். அதைவிட முக்கியம், உண்பவரைப் பார்ப்பது. வயது, செரிக்கும் தீ, பருவம், நோய் ஆகியவற்றைக் கேட்காமல் எந்த வைத்தியரும் பத்தியம் சொல்லமாட்டார். நம் சித்த வைத்தியத்தில் நோயைக் கண்டறியும் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. வீடு முழுவதற்கும் ஒரே ஜாரில் அடித்து ஒரே அளவில் ஊற்றுவது எந்த வைத்திய முறையிலும் சேராது.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். இந்தப் பழம் கனமானது, நெய்ப்புள்ளது, கபத்தைக் கூட்டுவது. அதோடு ஐஸையும் சேர்த்தால் செரிக்கும் தீ அணைந்து வயிறு மந்திக்கத்தான் செய்யும். ஆளுக்கு அரைப் பழம் போதும். காயாக வாங்கினால் அரிசிப் பானைக்குள் புதைத்துவையுங்கள். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும்போது எடுங்கள், முன்னதாக அறுத்தால் கசக்கும். காய்ச்சி ஆறவைத்த பால், சிட்டிகை சுக்குப்பொடி, ஓர் ஏலக்காய் சேர்த்து அடியுங்கள். இனிப்புக்குக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறியபின் கொஞ்சமாக ஊற்றலாம். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் வேண்டாம். தேன்தான் வேண்டும் என்றால் சூடான எதிலும் கலக்காதீர்கள். நிறம் கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிகிறவர்கள் பாலை விட்டுவிட்டுத் தண்ணீரில் அடிக்கவேண்டும், ஏனென்றால் பாலும் புளிப்பும் விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று சேராத உணவு. இட்லிக்கு மேல் இதையும் குடிக்காமல், இதையே ஒருவேளை உணவாக, நன்றாகப் பசித்தபிறகு குடியுங்கள். சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பசி மந்தமாக இருக்கும் நாட்களில் தவிர்த்துவிடலாம்.

மாமாவின் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே அவரை அழைத்துக்கொண்டு போய், தினமும் இதைக் குடித்து வந்ததை மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். வாழைப்பழம், கீரை, கருப்பட்டிக் காப்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். லீவு கிடைக்கவில்லை என்று உங்கள் கணவர் சொன்னால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.