பழைய டேப்லெட்டை பி.எஸ்.4-க்கு இரண்டாவது திரையாக வைத்துக்கொண்டால் பயன் உண்டா?

கேள்வி: வீட்டில் ஒரே டிவி. பி.எஸ்.4 (பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) இருக்கிறது, ஓரமாகக் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றும் இருக்கிறது. அதை இரண்டாவது திரையாகப் பயன்படுத்தினால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, இல்லை வெறும் விளம்பரப் பேச்சா?

பயன் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த டேப்லெட்டை நான் கையில் வைத்திருக்கும் நேரம் குறைவு. பெரும்பாலும் அது அப்பாவிடம்தான் இருக்கும். நீங்கள் தனியாக உட்கார்ந்து விளையாடுகிறவர் என்றால் இரண்டாவது திரை உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இன்னொருவர் உட்காருகிறார் என்றால் கதையே வேறு.

நாங்கள் இருப்பது வேலந்தாவளத்துக்குப் பக்கம். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா; ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை. ரோட்டில் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இங்கே சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு திருச்சூர், எர்ணாகுளம் என்று இறக்கிவிட்டு வருவார். 2021-ல் குதிரான் சுரங்கம் திறப்பதற்கு முன்னால் அந்த மலை ரோட்டில் எத்தனை ராத்திரி ஏறி இறங்கியிருப்பார் என்று கணக்கே கிடையாது. இப்போது மூட்டுவலி, விரல் சரியாக மடங்குவதில்லை. ஒருநாள் கார் பந்தயம் ஓட்டிப் பாருங்கள் என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம் முயன்றுவிட்டு, 'உனக்குத்தான் இது சரி' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. நான் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வண்டியில் ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் ஓட்டுவது எஃப்1 23 என்ற ஃபார்முலா 1 கார் பந்தய ஆட்டம். அந்த வரிசை ஆட்டங்களில் பலர் கவனிக்காமல் விடும் வசதி ஒன்று உண்டு. வண்டியின் வேகம், கியர், பிரேக், எரிபொருள், நான்கு டயர்களின் சூடு, தேய்மானம், மழை முன்னறிவிப்பு என்று எல்லாவற்றையும் ஓடும்போதே வீட்டு வைஃபையில் எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் டெலிமெட்ரி என்ற பக்கத்துக்குப் போய் யூ.டி.பி. டெலிமெட்ரியை இயக்க வேண்டும் (டெலிமெட்ரி என்பது இந்த எண்களை அனுப்பும் வசதி, யூ.டி.பி. என்பது அவற்றை அனுப்பும் முறை). கீழே ஐ.பி. முகவரி (வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) கேட்கும் இடத்தில் டேப்லெட்டின் முகவரியைக் கொடுக்க வேண்டும். போர்ட் எண் 20777 என்று ஏற்கெனவே இருக்கும், அதைத் தொட வேண்டாம். டேப்லெட்டில் அந்த எண்களை வாங்கிக் காட்டும் செயலி ஒன்று வேண்டும். இலவசமாகவும் கிடைக்கிறது, காசுக்கும் கிடைக்கிறது. கன்சோல் அனுப்புவது படம் இல்லை, வெறும் எண்கள் என்பதுதான் இதன் அழகு. எண்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும், ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதனால் எவ்வளவு பழைய டேப்லெட்டும் திணறாது. இடையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் யூ.டி.பி. அதைத் திரும்ப அனுப்பாது. அதற்குள் அடுத்தது வந்துவிடும். டயர் சூட்டுக்கு அதுதான் சரி. போன நொடியின் சூடு யாருக்கு வேண்டும்?

சொல்லும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் ராத்திரி ஒரு எண் கூட வரவில்லை. இரண்டு மணி நேரம் போராடினேன். காரணம் இதுதான்: எங்கள் ரூட்டரில் வைஃபைக்கு இரண்டு பெயர், அதில் ஒன்று விருந்தினருக்கானது. பக்கத்து வீட்டுப் பையனுக்காகத் திறந்துவிட்ட அந்த விருந்தினர் வைஃபையில்தான் டேப்லெட் ஒட்டிக்கொண்டிருந்தது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிக்கு இணையம் கிடைக்கும். வீட்டின் மற்ற கருவிகளை அது தொட முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடும். யூடியூப் நன்றாக ஓடியதால் வைஃபைமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உங்களுக்கும் எண் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் கரண்ட். ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி இருக்கிறவர்களுக்குத் தெரியும். தென்னை மட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். ஒவ்வொரு முறை ரூட்டர் அணைந்து எரியும்போதும் டேப்லெட்டுக்குப் புது ஐ.பி. முகவரி கிடைக்க வாய்ப்பு உண்டு. கன்சோல் பழைய முகவரிக்கே எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும், டேப்லெட் வெறுமனே முழித்துக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு வழி. ரூட்டர் அமைப்பில் டேப்லெட்டுக்கு என்று நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடலாம். நான் செய்தது அதுதான். அது கைவராவிட்டால் ஆட்டத்திலேயே யூ.டி.பி. பிராட்காஸ்ட் முறையை இயக்கிவிடுங்கள். முகவரி பார்க்காமல் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும். ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டுவதும் நல்லது. கன்சோலையும் மாட்டுகிறீர்கள் என்றால் இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். முறைக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில், கரண்ட் போய் பேட்டரி ஏற்பதற்குள் கன்சோல் அணைந்துவிடலாம். சேமித்துக்கொண்டிருக்கும்போது அப்படி அணைந்தால் ஆட்டத்தின் சேமிப்பு கெட வாய்ப்பு இருக்கிறது.

இனி அப்பா கதைக்கு வருகிறேன். அவருக்கு ஆங்கில எழுத்து சின்னதாக இருந்தால் படிக்கச் சிரமம். சில செயலிகளில் நமக்கு வேண்டியதை மட்டும் வைத்து ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். நான்கு பெரிய கட்டம், நான்கு டயர், ஒவ்வொன்றிலும் தேய்மானம் எத்தனை சதவீதம் என்று போட்டுக் கொடுத்தேன். மேலே மழைக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். வேகம், கியர் எல்லாம் எதற்கு, அதுதான் டிவியிலேயே தெரிகிறதே.

முதல் பந்தயம் சில்வர்ஸ்டோன். நிஜத்தில் 52 சுற்று. நாங்கள் கால் பங்கு வைத்துக்கொண்டதால் 13 சுற்று. நான்காவது சுற்றில் அப்பாவின் குரல் வந்தது.

'கண்ணு, முன்னாடி கிளீனர் சைடு மத்ததவிட சீக்கிரம் தேயுது.'

லாரிக்காரர்களுக்கு இடது, வலது கிடையாது. கிளீனர் சைடு, டிரைவர் சைடுதான். ஏனுங்கப்பா அப்படி என்று கேட்டேன். 'வலது கைப் பக்கம் திருப்பமே அதிகமா வருதுல்ல? பாரம் பூராவும் இந்தப் பக்கந்தான சாயும்' என்றார். அந்த ஆட்டத்தை நான் அதற்கு முன் ஒரு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். சில்வர்ஸ்டோன் கடிகார முள் திசையில் ஓடும் பாதை, இடது டயர்கள்தான் அங்கே அடிவாங்கும். எனக்கு அதுவரை இது உறைக்கவே இல்லை. அவர் நான்கு கட்டத்தைப் பார்த்து நான்கே சுற்றில் சொல்லிவிட்டார்.

'இன்னும் ரெண்டு ரவுண்டு தாங்குமாங்கப்பா?'

'தாங்கும். வளைவுல மட்டும் மிதிக்காத.'

இரண்டு சுற்று முடிந்ததும் 'போதும், உள்ள வந்துரு' என்றார். வந்தேன். அன்றிலிருந்து டயர் மாற்ற எப்போது உள்ளே வருவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். மழைக் கட்டத்தை அவர் விடாமல் பார்ப்பார். ஏறிக்கொண்டே வரும் மழைச் சதவீதத்தைப் பார்த்து, 'தார்ப்பாய் போட்ரலாம்' என்றால் மழை டயருக்கு மாறச் சொல்கிறார் என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கம்பெனிகள் கொண்டுவந்த இரண்டாவது திரைகள் பலவும் நிலைக்காமல் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன். 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு, போனையும் டேப்லெட்டையும் இரண்டாவது திரையாக்கும் ஸ்மார்ட்கிளாஸ் என்ற செயலியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே நின்டெண்டோ கன்ட்ரோலருக்கு நடுவில் 6.2 அங்குலத் திரை வைத்து வீ யூ என்ற கன்சோலை விற்றது. 2013-ல் ஜி.டி.ஏ. 5 என்ற ஆட்டத்துக்கு ஐஃப்ரூட் செயலி, 2015-ல் ஃபால்அவுட் 4 என்ற ஆட்டத்துக்கு பிப்-பாய் செயலி. இவற்றில் பிப்-பாய் ஒன்றைத்தான் நன்றாகச் செய்திருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலே வரைபடத்தையும் பையில் உள்ள பொருள்களையும் டேப்லெட்டில் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் எல்லாமே ஒரே ஆளை இரண்டு திரை பார்க்கச் சொன்னவை. டிவியில் சுடுகிறவன் எப்போது குனிந்து டேப்லெட்டைப் பார்ப்பான்? ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காதே என்று அப்பா எனக்கு பைக் கற்றுக்கொடுத்தபோது சொன்னதுதான் இங்கேயும். வீ யூ மொத்தமாகவே 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான் விற்றது.

இரண்டாவது திரையை இன்னொரு ஆளிடம் கொடுத்த ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 2003-ல் வந்த பேக்-மேன் வெர்சஸில் ஒருவர் மட்டும் கையடக்க கேம்பாய் அட்வான்ஸில் பேக்-மேனாக ஓடுவார், மற்ற மூவரும் டிவியில் பேயாகத் துரத்துவார்கள். அதே வீ யூவில் நின்டெண்டோ லேண்ட் என்ற ஆட்டத்தில் ஒளிகிறவருக்கு மட்டும் கைத்திரை, தேடுகிற நால்வருக்கு டிவி. 2013-ல் பேட்டில்ஃபீல்ட் 4-ல் ஒருவர் டேப்லெட்டில் வரைபடம் பார்த்துத் தன் அணிக்குத் தளபதியாக உத்தரவு கொடுக்க முடிந்தது. நம் கண்ணாமூச்சியும் இப்படித்தானே? ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியக்கூடாது, அதில்தான் சுவாரசியம்.

வீட்டுக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றால் டிராஃபுல் 2 என்ற வரையும் ஆட்டத்தை வாங்குங்கள். கன்ட்ரோலர் ஒன்று போதும், மற்றபடி 3 பேர் முதல் 8 பேர் வரை அவரவர் போனில் பிரவுசரைத் திறந்து, டிவியில் தெரியும் குறியீட்டைப் போட்டுச் சேர்ந்துவிடலாம். எதை வரைய வேண்டும் என்று போனில் ரகசியமாக வரும், விரலால் வரைய வேண்டும், மற்றவர்கள் அது என்ன என்று பொய்யாகத் தலைப்பு வைப்பார்கள். ஓண லீவுக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறில் பொள்ளாச்சியிலிருந்து அக்கா பிள்ளைகள் வந்துவிடும். அந்த இரண்டு நாளும் இதுதான். வரும் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறை. சின்னவளுக்கு நான் காதில் அர்த்தம் சொல்லிவிடுவேன். இதற்கு இணையம் கட்டாயம். எங்கள் வீட்டில் மாடியில் தமிழ்நாட்டு டவர், கீழே கேரளா டவர் என்று ரேஞ்ச் மாறி மாறி வருவதால் போன் டேட்டாவை நம்புவதில்லை, எல்லோரையும் வைஃபையிலேயே சேர்த்துவிடுவேன்.

ஒரே டிவி என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு ரிமோட் ப்ளே என்ற செயலி இருக்கிறது. இது நான் மேலே சொன்னதிலிருந்து வேறு. இங்கே டேப்லெட்டுக்கு முழுப் படமும் வந்துவிடும், டிவி வேறு யாருக்காவது கிடைக்கும். ஏழு மணிக்கு மேல் எங்கள் டிவி அம்மாவுடையது. அவர் சீரியல் பார்க்கும்போது நான் உள்ளறையில் டேப்லெட்டில் விளையாடுவேன். ஐபோனுக்கும் ஐபேடுக்கும் 2019 மார்ச்சிலும், எல்லா ஆண்ட்ராய்டுக்கும் அதே வருடம் அக்டோபரிலும் இது வந்தது. செயலி இப்போது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் கேட்கிறது என்று ப்ளே ஸ்டோரில் பார்த்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். பழைய டேப்லெட் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பி.எஸ்.4, பி.எஸ்.4 ஸ்லிம் இரண்டிலும் ரிமோட் ப்ளே படத்தின் தெளிவு 720பி-க்கு மேல் போகாது, பி.எஸ்.4 புரோவில் மட்டும் 1080பி. தடித்த முதல் மாடலாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஸ்லிம்மும் புரோவும் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும். எங்களுடையது முதல் மாடல். பொத்தானை அழுத்தினால் அது டேப்லெட்டிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து கன்சோலுக்குப் போய், படம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். நான்கு முறை காற்றில் தாண்டுகிறது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் உள்ளறைச் சுவர் ஒன்றரை அடி கனம். ஆரம்பத்தில் படம் சிதறிச் சிதறித்தான் வந்தது. கன்சோலிலிருந்து ரூட்டருக்கு லேன் கேபிள் ஒன்றை இழுத்தேன். காற்றில் தாண்டுவது பாதியாகக் குறைந்தது, டேப்லெட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்துகொண்டது, சிதறல் நின்றுவிட்டது. இணையத் திட்டத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். வீட்டுக்குள்ளேயே விளையாடும்போது படம் ரூட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை, உள்நுழைவுக்குத்தான் இணையம்.

அதற்குப் பிறகும் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். மெதுவான கதை ஆட்டங்களுக்கு அது தெரியவே தெரியாது. பந்தயத்துக்குத் தெரியும், நான் எஃப்1-ஐ ரிமோட் ப்ளேயில் தொடுவதில்லை. அம்மாவின் சீரியல் முடிந்து டிவி கைக்கு வரட்டும் என்று காத்திருப்பேன். அந்த நேரத்தில் அப்பா டேப்லெட்டை சார்ஜில் போட்டு வைத்திருப்பார்.