கடைசிப் பக்கத்தில் 'நான்' எங்கே போனது?

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவல் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. அதை முழுக்க 'நான்' என்று சொல்லிவந்த ஜெர்மன் படைவீரன் பால், கடைசியில் திடீரென்று 'அவன்' ஆகிவிடுவது ஏன், கட்டுரையில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

எளிய பதில்: சொல்லிக்கொண்டிருந்தவன் செத்துவிட்டான். 1918 அக்டோபரில் அவன் விழுந்த நாளில், ராணுவ அறிக்கைக்குச் சொல்ல ஒரே வரிதான் இருந்தது. ஜெர்மன் தலைப்பே அந்த வரிதான். அதன் நேர்ப்பொருள் 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை'. ஆங்கிலத் தலைப்பில் வரும் 'அமைதி' இந்தக் குத்தலைக் கொஞ்சம் மழுப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். அதுவரை நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல், அரசுக் கணக்கில் செய்தியே இல்லை. உங்கள் கட்டுரையை இங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் அந்த பூட்ஸ். பாலின் சக வீரன் கெம்மெரிக்கிடமிருந்து இன்னொரு தோழன் ம்யுல்லருக்கு, அவனிடமிருந்து பாலுக்கு. தனக்குப் பிறகு மற்றொரு தோழன் ட்யாடனுக்கு என்று பாலும் சொல்லிவைக்கிறான். தோல் தேயவில்லை, போடுகிறவர்கள்தான் தீர்ந்துபோகிறார்கள். 'குறியீடு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். கால் வெட்டி எடுக்கப்பட்ட நண்பன் கெம்மெரிக்கின் கட்டிலருகே நின்றுகொண்டே ம்யுல்லர் அந்த பூட்ஸ்மேல் கண்வைக்கிறான். பால் அவனைக் குறைசொல்வதில்லை. அந்தக் காட்சியை விரித்து எழுதுங்கள்.

மாணவர்களைப் போருக்குப் போகத் தூண்டிய பள்ளி ஆசிரியர் கன்டோரெக்கைப் பற்றி ஒரு பத்தி போதும், எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்.